பீனிக்ஸ் சிலை எந்தப் பக்கம் பார்க்கிறது?

அரிசோனாவின் தலைநகரான பீனிக்ஸில், பழைய சட்டமன்றக் கட்டடத்தின் செப்புக் கூரைமேல் நிற்கும் சிறகுள்ள பெண் சிலை எந்தப் பக்கம் பார்க்கிறது? எனக்குத் தெரியாது.

கல்லூரி மலரின் புரூஃப் பார்க்கத் திருத்தங்கல் அச்சகத்துக்குப் போன என்னிடம் இன்று அதைத்தான் கேட்டார்கள்.

அங்கே அச்சாகிக்கொண்டிருந்தது பீனிக்ஸ் தமிழர்களுக்கான காலண்டர். அச்சான தாளில் சிலை இடப்பக்கம் பார்க்கிறது. முதலாளியின் போனில் உள்ள படத்தில் வலப்பக்கம். மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

"படத்தைத் திருப்பிப் போட்டுட்டியேம்மா. அம்புட்டுத் தாளும் போச்சு. நாளைக்கு நீ வர வேணாம்" என்றார் முதலாளி.

டிசைனர் முத்துமாரி குரலை உயர்த்தவில்லை. "அவுக அனுப்புனத அப்படியேதான் வச்சேன், அண்ணாச்சி."

"அப்ப சிலையா திரும்புச்சு?"

ஆபரேட்டர் சிரித்தார். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "படிச்சவுக நீங்க சொல்லுங்க, மேடம்."

கட்டடம் இரு பக்கமும் ஒன்றுபோல இருந்ததால், எந்தப் படம் சரி என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. "ஆர்டர் கொடுத்தவரிடமே கேளுங்கள்" என்றேன்.

மறுநாள், மீண்டும் அச்சகம் போய்வந்து சேர்த்தது: பதில் வந்துவிட்டது. காற்றடிக்கும் திசைக்குத் திரும்பும் சிலையாம் அது. மெஷின் ஓடுகிறது.

முதலாளி முத்துமாரிக்குப் போன் செய்தார். "சீசன்ல சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டா எப்படிம்மா?"

மத்தியானம் வந்தாள். அந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்து, அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, வேலையைத் தொடங்கினாள்.