ஆலைக் கூரையில் விழுந்த கல்

பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறேன். விண்கல் கிடைத்தது என்று யார் சொன்னாலும் என்னிடம்தான் அனுப்பிவைப்பார்கள். அது என்ன வகை, எங்கே எப்படிக் கிடைத்தது என்று பார்த்து எழுதித் தர வேண்டும். இதுவரை வந்த ஒன்றுகூட வானத்திலிருந்து வந்ததில்லை. அதைச் சொன்னதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். ஒருவர் என் பட்டத்தையே காட்டச் சொன்னார்.

மறையூரிலிருந்து என்னை நேரில் வரச் சொன்னவர் வேறு மாதிரி. வெல்லம் காய்ச்சும் ஆலை வைத்திருந்தார். அதன் தாழ்ந்த தகரக் கூரையில் ஒரு ஓட்டை. நேர் கீழே ஒரு கறுப்புக் கல். செய்தி பரவியதும் பார்க்க வந்த கூட்டம் அவருடைய கரும்பை ஒடித்துத் தின்றுகொண்டே படம் எடுத்தது.

"இது விண்கல் இல்லன்னு எழுதிக் குடுத்துருங்க டீச்சர். பத்து நாளா அடுப்புப் பத்தவைக்க முடியல," என்றார், நான் ஆலைக்குள் நுழைந்ததுமே.

அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கையில் எடுத்ததுமே கனம் போதவில்லை. காந்தம் ஒட்டவில்லை. உடைந்த பக்கமெல்லாம் சிறு சிறு துளைகள். விண்கல் அப்படி இருக்காது. கரும்புச் சக்கையின் சாம்பல் சூட்டில் உருகி இறுகிய கட்டி அது. வெளியே சாம்பல் குவியலில் அதே போல ஏழெட்டுக் கிடந்தன.

"உங்க அடுப்புல பொறந்ததுதாங்க," என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அண்ணாந்து பார்த்தார். "அப்ப ஓட்டை எப்படி விழுந்துச்சு?"

டீ கொண்டுவந்த அவர் மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டார். நான் கை கழுவப் பின்பக்கம் போனபோது அருகில் வந்தார்.

"மொளகா காயப்போட ஏறுனேன் டீச்சர். தகரம் இத்துப்போயிருந்துச்சு, ஒரு காலு உள்ள எறங்கிருச்சு. ஏறாத ஏறாதன்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. கீழ இந்தக் கட்டி கெடந்துச்சா, வானத்துல இருந்து விழுந்துருக்குன்னு அவரே சொன்னாரு. நான் சும்மா இருந்துட்டேன்." சேலையைக் கொஞ்சம் தூக்கி, கெண்டைக்காலில் ஆறிவரும் கீறலைக் காட்டினார். "இதையும் எழுதணுமா?"

கிடைத்த விதம் என்ற இடத்தில், 'ஆலைத் தரையில், அடுப்பிலிருந்து வந்த கட்டி' என்று எழுதினேன். கூரையைப் பற்றி அந்தப் படிவத்தில் கேள்வியே இல்லை. ஆலைக்காரரிடம், துருப்பிடித்த தகரம் எப்போது வேண்டுமானாலும் விட்டுப்போகும் என்றேன். அது பொய்யும் இல்லை.

"புதுத் தகரம் போடுங்கன்னு போன வருசமே சொன்னேன்ல," என்று உள்ளேயிருந்து தைரியமாக ஒரு குரல் வந்தது.

அவர் ஓட்டையை முழம் போட்டு அளக்கத் தொடங்கினார்.