நின்றுபோன சாதிக்காய் ஐஸ்பழம்

ஐஸ் விற்கிறவனிடம் யாரும் பெட்டியில் இருப்பதைக் கேட்க மாட்டார்கள். கம்பனி எதை நிறுத்தியதோ அதைத்தான் கேட்பார்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஐஸ் விற்கும் அன்பர்களே, இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? மாத்தளை டவுனில் கிளம்பி, இரத்தோட்டையைக் கடந்து, எல்கடுவ வரை மேடேறி விற்கிறவன் நான். இந்த ஒரே கேள்வி என் பிழைப்பையே புரட்டிப் போட்டது. நல்லவிதமாகத்தான். கேளுங்கள்.

அன்னாசி கப் டீச்சர்

டவுனில் ஒரு டீச்சர் இருக்கிறார். பாட்டுச் சத்தம் கேட்டால் போதும், செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவார். வந்து, பெட்டிக்குள் தலையை விட்டு, "அன்னாசி கப் இருக்கா?" என்பார். அது நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. வெனிலா இருக்கிறது, சொக்லட் இருக்கிறது என்று நான் அடுக்குவேன். அவர் காதில் ஏறாது. கப்பின் அடியில் கடைசியாக அகப்படும் பழத்துண்டைப் பற்றிச் சொல்வார். மரக்கரண்டியைச் சப்பினால் வரும் வாசனையைப் பற்றிச் சொல்வார். கேட்கக் கேட்க எனக்கே வாயில் எச்சில் ஊறும். ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, ஒன்றும் வாங்காமல், என்னிடமே கோபப்பட்டார்: "அது இல்லாம எதுக்குத் தம்பி இவ்வளவு சத்தமாப் பாட்டுப் போட்டுக்கிட்டு வாறீங்க?"

லெச்சுமியக்காவின் ஆணை

எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் லெச்சுமியக்கா இன்னும் ஒரு படி மேல். அவர் கேட்பது சாதிக்காய் ஐஸ்பழம். மாத்தளையில் முன்பு ஒரு சின்ன ஐஸ் பெக்டரி இருந்தது. சாதிக்காய்ப் பழத்தின் சதையைச் சீனியோடு அவித்து, பால் சேர்த்து, குச்சி போட்டு அங்கே செய்வார்களாம். ஒரு ஆள் அதை மரப்பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டே மலைக்குக் கொண்டுவருவாராம். பெக்டரியை மூடியதோடு ஐஸ்பழமும் போயிற்று. அக்கா அதன் பேரை எடுத்தாலே போதும், அவர்களுடைய வரிசை வீடுகளான லயத்து வாசலில் சண்டை தொடங்கிவிடும். ஒருத்தி சிவப்பு என்பாள், ஒருத்தி ரோஸ் என்பாள். ருசியில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. அப்படி ஒரு ருசி பிறகு வரவேயில்லையாம்.

எனக்கு அப்போது கஷ்ட காலம். கம்பனி மலைப் பாதைக்குச் சாமான் தருவதைக் குறைத்துக்கொண்டே வந்தது. பெட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டாண்டில் ஆள் ஏற்றும் ஹயருக்கு நிற்க வேண்டியதுதான் என்று பயந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா சொன்னார்: "அந்த ஐஸ்பழத்தக் கொண்டாங்க தம்பி, தேரன்னைக்குக் கோயில் வாசல்ல ஒங்களுக்குத்தான் எடம், வருசம் முழுக்க வேற ஐஸ்காரன நாங்க உள்ளயே விட மாட்டோம்!"

வீட்டுக்குள் இருந்த பெக்டரி

அன்று வீட்டுக்குப் போனதும் கலாவிடம் நடந்ததைச் சொன்னேன். கலா என் மனைவி. சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். "அந்த ஐஸ்பழத்த நான்தானே செஞ்சேன்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ பெக்டரியில் வேலை செய்தாள் என்று தெரியும். நான் அதைக் கார்மென்ட் பெக்டரி என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்! சதையை எவ்வளவு நேரம் ஊறப்போட வேண்டும், நிறத்துக்குச் சாதிபத்திரி எவ்வளவு, பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்று மடமடவென்று ஒப்பித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைப் போய் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாயே என்று குதித்தேன். அவள் அமைதியாகப் பருப்பை ஊற்றினாள்: "நீங்க எப்பங்க கேட்டீங்க?"

இரத்தோட்டையில் ஒரு குதூகலம்

மறுநாளே அச்சுத் தேடி அலைந்தோம், குச்சி வாங்கினோம், சாதிக்காய்ப் பழம் கூடை கூடையாக வந்து இறங்கியது. வீடு முழுக்க ஒரே வாசனை. கலா பாட்டுப் பாடிக்கொண்டே கிண்டினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததேயில்லை. முதல் பெட்டியை இரத்தோட்டைக்குக் கொண்டுபோனேன். அங்கே மிளகு வாங்கும் கடை முதலாளி ஒருவர் இருக்கிறார், எதிலும் குறை சொல்லாமல் விடாதவர். பயந்துகொண்டே அவரிடம் நீட்டினேன். ஒரு கடி கடித்தார். கண்ணை மூடினார். தராசில் நின்ற மிளகு மூட்டையையும் அதற்குச் சொந்தக்காரனையும் மறந்துவிட்டு, குச்சி வரை சப்பி முடித்தார். பிறகு கடைக்குள் திரும்பிக் கத்தினார்: "ஏய், எல்லாரும் வெளிய வாங்க, நம்ம ஐஸ்பழம் உசுரோடதான் இருக்கு!"

மேட்டில் விழுந்த இடி

அந்தத் தெம்பில் எல்கடுவ மேட்டை ஓட்டோ பறந்து ஏறியது. கலாவும் கூட வந்தாள், தன் ஐஸ்பழத்தைச் சாப்பிடும் முகங்களைப் பார்க்க வேண்டுமாம். லெச்சுமியக்கா வாங்கினார், கடித்தார், யோசித்தார், இன்னொரு தடவை கடித்தார். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லாத்தான் இருக்கிறது என்றார்கள். அந்த "தான்" எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. கலாவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "கோவிச்சுக்காதம்மா, வாசம் அதேதான், ஆனா இது அந்த ஐஸ்பழம் இல்ல."

திரும்பி வந்ததும் கலா நேரே அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து தேர் வரைக்கும் பாலைக் கூட்டினாள், சீனியைக் குறைத்தாள், ஏலக்காய்கூடத் தட்டிப் போட்டாள். எதுவும் சரிவரவில்லை. கடைசியில் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பழைய செய்முறைக்கே திரும்பினாள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது: "பெக்டரில செஞ்சது இதுதாங்க, தேருக்கு இதத்தான் கொண்டு போவோம், எடம் குடுத்தா குடுக்கட்டும், இல்லாட்டி போகட்டும்."

மீனைப் பார்க்காத ஐஸ்

தேரன்று விடிந்து பார்த்தால் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் ஐஸ்பழம் வியர்க்கத் தொடங்கியிருந்தது. இருந்ததையெல்லாம் அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடினோம். இரத்தோட்டையில் மீன்கடைக்கார நானாவுக்கு லொறியில் ஐஸ் கட்டி இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் திருவிழாவுக்கு மீன்கடை ஐஸா என்று கலா தலையில் கை வைத்தாள். நானா சிரித்தார். லொறியிலிருந்து அப்போதுதான் இறங்கிய கட்டியாகப் பார்த்து உடைத்து, ஐஸ்பழத்தைச் சுற்றி அடைத்து, மேலே கல்லுப்பை அள்ளி அள்ளிக் கொட்டினார். உப்புப் போட்டால்தான் குளிர் நிற்குமாம். கலாவின் முகத்தைப் பார்த்து அவர் தைரியம் சொன்னார்: "யோசிக்காம போங்க தங்கச்சி, இது மீனையே கண்ணால கண்டிராத ஐஸ்!"

கோயில் வாசல்

குண்டும் குழியுமான பாதையில் பெட்டி குலுங்கியது. கோயில் வாசலில் மூடியைத் திறந்ததும் கலா அழுதேவிட்டாள். ஐஸ்பழம் இறுகித்தான் இருந்தது. ஆனால் அடியில் உப்புத் தண்ணீர் தளும்பி, உறைகளின் திறந்த வாய் வழியாக உள்ளே புகுந்துவிட்டது. ஒன்றை நக்கிப் பார்த்தேன். கரித்தது. வண்டியைத் திருப்பப் போனேன். அதற்குள் லெச்சுமியக்கா ஒன்றை உருவி வாயில் வைத்துவிட்டார். வேண்டாம் அக்கா, கெட்டுப்போச்சு என்று நான் கத்தினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டார். கண்ணில் தண்ணீர். பிறகு தவில் சத்தத்தையும் மீறிப் போட்டாரே ஒரு கூச்சல்: "அடியே வாங்கடி, அதேதான், அதே ஐஸ்பழந்தான்!"

கலாவின் தீர்ப்பு

தேர் லயத்தைச் சுற்றி வருவதற்குள் பெட்டி காலி. கோயில் தலைவர் எல்லார் முன்னாலும் வருடம் முழுக்க இடம் எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். நான் தரையிலேயே இல்லை. கலா மட்டும் காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது: பெக்டரி ஐஸ்பழத்தில் ஒரு கல் உப்பு கிடையாது. சைக்கிள்காரரும் இதேபோல ஐஸும் உப்பும் அடைத்துத்தான் மேடேறியிருக்கிறார். இரத்தோட்டைக்குள் விற்றது உப்பு ஊறுமுன்பே விற்றுப் போயிருக்கிறது. மலைக்கு வந்து சேர்ந்ததெல்லாம் உப்புத் தண்ணீர் ஊறி வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே ஒரு தலைமுறையே அமிர்தம் என்று நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தது.

கலா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது இரத்தோட்டைக்கு ஒரு பானை, எல்கடுவைக்கு ஒரு பானை என்று தனித்தனியாகக் கிண்டுகிறாள். மலைப் பானைக்கு உப்பை எடுக்கும்போதெல்லாம் ஒரே வசனம்தான்: "எங்க மொதலாளி இதப் பார்த்திருந்தா என்னைய அன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டியிருப்பாரு!"

அன்பர்களே, நம் தொழிலில் கைப்பக்குவம் என்று ஊரே கொண்டாடுவதில் பாதி, யாரோ ஒருவருடைய பெட்டி ஒழுகியதால் வந்ததுதான்.