பெட்டி சுத்தம், பல் பிளாஸ்டிக்

நாரணாபுரத்துப் பொன்மணியின் கண்ணைப் பற்றி சிவகாசி அச்சகத்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாய்ச் சொல்வார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே அச்சகத்தில் வேலை. தாள் எண்ணச் சேர்ந்தவள், இன்று செக்கிங் பிரிவுக்கே தலைவி. அச்சில் சிவப்பு மயிரிழை விலகி நின்றால் போதும், லென்ஸ்கூட வேண்டாம், நாலடி தள்ளி நின்றே "ஏலே, மெசின நிறுத்து!" என்று சத்தம் போடுவாள். மெசின்காரன் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஆனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். "படிக்க ஆரம்பிச்சா கண்ணு எழுத்துல போயிரும், கலரு தப்பிரும்" என்பாள். அவள் பார்த்துத் தள்ளிய பெட்டிகளும் லேபிள்களும் கோடிக்கணக்கில். படித்தது ஒன்றுகூடக் கிடையாது.

அப்பேர்ப்பட்டவளுக்கு நாலு வருடத்துக்கு முன்னால் ரிமோட் கார்ப் பைத்தியம் பிடித்தது. பிள்ளைகள் வாசலில் உருட்டும் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கை நீளத்துக்கு இருக்கும், கண்ணை மூடித் திறப்பதற்குள் காட்டைத் தாண்டிவிடும், ஒவ்வொரு திருகையும் கழற்றி மாற்றலாம். விருதுநகர் பொருட்காட்சியில் யாரோ ஓட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான், விழுந்துவிட்டாள். புருசன் சங்கிலிமுத்து லோடு வேன் ஓட்டுகிறவன். "நான் ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்கப் பிடிச்சு சாகுறேன், எம் பொண்டாட்டி ரெண்டு விரல்ல ஓட்டுறா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் திருப்புளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் வேனில் ஏறுகிறவனும் அவன்தான்.

வருடா வருடம் பங்குனியில் மல்லாங்கிணற்றுக் கரிசல் காட்டில் போட்டி நடக்கும். விருதுநகரில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் லட்சுமிகாந்தம்தான் நடத்துகிறவர். ஜெயிக்கிறவருக்குக் கோயம்புத்தூர் பெரிய போட்டியில் ஓட்ட ஓர் இடம். ஒன்றே ஒன்றுதான். பொன்மணி மூன்று வருடமும் கடைசிச் சுற்றுவரை வந்தாள். மூன்று வருடமும் பாதி வழியில் அவள் வண்டி நின்றது. காரணமும் ஒன்றேதான். முன் சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டாருக்கு சர்வோ என்று பெயர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, உள்ளே குட்டிக் குட்டிப் பல்சக்கரங்கள் இருக்கும். ஒரிஜினலில் அது எஃகு. டூப்ளிகேட்டில் பிளாஸ்டிக். விலை குறைவென்று அவள் மாட்டியது மூன்று தடவையும் டூப்ளிகேட். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள், இவளுக்கு ஓட்டமே போச்சு.

மூன்று தடவையும் ஜெயித்தவன் ஹரிபிரசாத், சிவகாசியில் பெரிய பட்டாசுக் கம்பெனிக்காரர் வீட்டுப் பையன், இருபத்தாறு வயது. நல்ல கைதான். ஆனால் கூட்டம் அதைச் சொல்லாது. "அவனா ஓட்டுறான்? அவங்கப்பன் காசுல்ல ஓடுது!" என்றுதான் சொல்லும். பொன்மணியும் சொல்லியிருக்கிறாள், ஒளிவுமறைவு எதற்கு.

இந்த வருடம் விடுவதில்லை என்று சபதம். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது லட்சுமிகாந்தம் கடைக்குப் போய், "அண்ணாச்சி, ஒரிஜினல் சர்வோ எடுங்க" என்றாள். அவர் இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே படம்.

"இது ஒரிஜினல். இது டூப்ளிகேட், விலை பாதிதான். நான் மறைக்கிறதில்ல, பாத்துக்கோங்க."

பொன்மணி பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரிஜினல் என்று அவர் சொன்ன பெட்டியில் சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். அட்டையும் மட்டம், மடிப்பில் மை உதிர்ந்திருந்தது. டூப்ளிகேட் என்று சொன்னதோ, அடடா! நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. இப்படி ஒரு வேலையை ஏமாற்றுக்காரன் செய்வானா?

"அண்ணாச்சி, ஒங்களயே ஏமாத்திருக்காங்க. மாத்தி வச்சிருக்கீக. இந்தச் சிவப்பப் பாருங்க, விலகி நிக்கிறது கண்ணுல குத்துது. அசல் கம்பெனிக்காரன் இப்படி அடிப்பானா?"

"யம்மா, பெட்டியவா ஓட்டப் போறீக? நாலு திருகு, கழத்திக் காட்டட்டுமா?"

"எங்கிட்டயா?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குமேல் அவளிடம் யாரும் பேச முடியாது. சுத்தமான பெட்டியை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினாள். ஒரிஜினலைப் பாதி விலைக்கு அமுக்கிவிட்ட சந்தோசம். வீடு வந்து சேரும்வரை சங்கிலிமுத்துவை ஒரு வார்த்தை பேசவிடவில்லை.

போட்டி நாள் வந்தது. காலை ஏழு மணிக்கே காடு நிறைந்துவிட்டது. பருத்தி எடுத்து முடித்த கரிசலைத் தட்டி, டயர் அடுக்கி, வளைவும் மேடுமாய்ப் பாதை போட்டிருந்தார்கள். பக்கத்துக் களத்தில் தார்ப்பாய் விரித்து மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தது. பொன்மணி அரையிறுதியில் ஓட்டினாள் பாருங்கள், ஓட்டமா அது! முதல் வளைவில் இரண்டு வண்டிகளைத் தாண்டினாள், மேட்டில் பறந்தாள், முதலாவதாக வந்தாள். வந்து கோட்டைத் தொட்ட நொடியில், நெற நெற நெற!

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மூன்று வருடமாகக் கனவிலும் கேட்கிற சத்தம். சங்கிலிமுத்து சர்வோவைக் கழற்றி மூடியைத் திறந்தான். உள்ளே பொடிப்பொடியாய் வெள்ளைப் பிளாஸ்டிக்.

"வெளுத்ததெல்லாம் பாலுன்னு இருந்திருக்க" என்றான் மெதுவாக.

ஆத்திரத்தில் காலிப் பெட்டியைப் பிய்த்தாள். பசைமடிப்பு பிரிந்தது. கடையில் யாரும் பார்க்காத இடம், ஒட்டியபின் உள்ளே மறைந்துவிடும். அங்கே நாலு வண்ணப் பொட்டு, அதற்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு வேலை எண். பொன்மணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொட்டுக்குப் பக்கத்தில் எண்ணைச் சாய்த்துப் போடுகிற வழக்கம் சிவகாசியில் ஒரே அச்சகத்துக்குத்தான் உண்டு. அவளுடைய அச்சகம். யாரோ ஏஜெண்டு அசல் கம்பெனி டிசைனைக் காப்பியடித்துக் கொண்டுவந்து கொடுத்து அடித்துப் போயிருக்கிறான். அந்த லோடு மொத்தத்தையும் பார்த்துப் பாஸ் போட்டது வேறு யார்? ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல், கலரை மட்டும் பார்த்து, "சுத்தம், அனுப்பு" என்றவள் இவள்தான். தன் கை வேலையைத் தானே மெச்சி, தானே காசு கொடுத்து வாங்கி, தானே மாட்டியிருக்கிறாள். சே, என்ன பிழைப்பு!

கடைசி ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அவளும் ஹரிபிரசாத்தும் மட்டும். வெட்கத்தை விட்டு லட்சுமிகாந்தத்திடம் ஓடினாள். "அண்ணாச்சி, அந்தச் சிவப்பு விலகுன பெட்டி இருக்கா?"

"அத ஹரி தம்பி இப்பத்தாம்மா ஸ்பேருக்குன்னு வாங்கிட்டுப் போச்சு. மிச்சம் இருக்கதெல்லாம் ஒங்க சுத்தமான பெட்டிதான்."

எதிராளியிடமே போய் நின்றாள். விசயத்தைச் சொன்னாள். ஹரிபிரசாத் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதுக்கா இப்படி நிக்கிறீக? இந்தாங்கக்கா. எம் வண்டியில புதுசு இருக்கு, மதுரைல வாங்குனது, ஒரிஜினல்." பேசிக்கொண்டே பெட்டியை நீட்டினான். அவனுடைய சாமான் பெட்டிக்குள் மதுரையில் வாங்கிய சர்வோவின் காலிப் பெட்டி கிடந்தது. நாலு வண்ணமும் அச்சுப் பிசகாமல், சுத்தமாக.

பொன்மணி சர்வோவை வாங்கிக்கொண்டு பத்தடி நடந்தாள். கையில் எஃகு. அவன் வண்டியில் பிளாஸ்டிக். அவனுக்குத் தெரியாது. வாயைத் திறக்காமல் போனால் போதும், ஆறாவது சுற்றிலோ ஏழாவது சுற்றிலோ அவன் நிற்பான், கோயம்புத்தூர் அவளுக்கு. மூன்று வருடம் அழுத கண்ணீருக்கு சாமி கொடுத்த கூலி என்றுகூட வைத்துக்கொள்ளலாம். பதினோராவது அடி வைக்க முடியவில்லை. திரும்பி வந்தாள்.

"தம்பி, ஒங்க வண்டில இருக்கது டூப்ளிகேட்."

"போங்கக்கா! பெட்டியப் பாருங்க, எம்புட்டு சுத்தம்!"

"அந்தச் சுத்தத்தப் பாஸ் பண்ணதே நாந்தான்" என்று கத்திவிட்டாள். "எங்க கம்பெனில அடிச்ச பெட்டி. படிக்காம அனுப்பிட்டேன். நாளைக்கு மேனேஜர்ட்ட போயி நின்னு சண்ட போடத்தான் போறேன். இப்பக் கழத்திப் பாருங்க."

கழற்றினார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக். ஹரிபிரசாத் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். "நல்லா பாஸ் பண்ணுனீக போங்க!"

அவள் ஒரிஜினலை அவன் கையில் திருப்பி வைத்தாள். "ஒங்க பொருளு. நீங்களே மாட்டுங்க."

அவன் சிரிப்பு நின்றது. "வேண்டாங்கக்கா. அப்பன் காசு ஓடுதுன்னு மூணு வருசமா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நீங்களும் சொல்லிருக்கீக, எனக்குத் தெரியும். இத அண்ணாச்சிட்ட குடுத்து வைப்போம், ஜெயிச்சவுக கோயம்புத்தூருக்குக் கொண்டு போகட்டும். இன்னைக்கு ரெண்டு பேரும் டூப்ளிகேட்லயே ஓட்டுவோம். கையா காசான்னு ஊரு பாக்கட்டும்."

லட்சுமிகாந்தம் தலையில் அடித்துக்கொண்டே ஒலிபெருக்கியில் அறிவித்தார். காடே கூச்சல் போட்டது. பொன்மணிக்குச் சுத்தமான பெட்டி ஒன்று வந்தது, மாட்டினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. டூப்ளிகேட்டா? டூப்ளிகேட்டில் ஓட்டுவதென்றால் இந்த ஜில்லாவில் அவளை அடிக்க ஆள் ஏது! மூன்று வருடம் உடைத்து உடைத்துப் படித்தவள் அல்லவா?

பன்னிரண்டு சுற்று. கொடி விழுந்ததும் ஹரிபிரசாத் அம்பாய்ப் பாய்ந்தான். பொன்மணி பாயவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, அகலமாக வளைத்து, நேரானதும் மட்டும் அழுத்தினாள். ஆறாவது சுற்றில் அவன் அரைச் சுற்று முன்னால்.

"அழுத்து! அழுத்து!" சங்கிலிமுத்து தொண்டை கிழியக் கத்தினான்.

"பல்லு போயிரும், சும்மா இருங்க மாமா!"

எட்டாவது சுற்றில் அவன் வண்டி வளைவில் லேசாக உதறியது. அவள் பார்த்துவிட்டாள். "தம்பி, ஒடிச்சுத் திருப்பாதீக, மெள்ள!" என்று அவளையறியாமல் கத்தினாள். எஃகில் பழகிய கை அவனுடையது, கேட்குமா? பத்தாவது சுற்றில் அரைச் சுற்று கால் சுற்றாகியது. பதினொன்றில் அவள் அவனுக்கு நேர் பின்னால். கூட்டம் கயிற்றைத் தாண்டி நெருக்கிக்கொண்டு நின்றது.

பன்னிரண்டு. கடைசி வளைவுக்கு முந்தின வளைவில், நெற நெற! அவன் வண்டிதான். முன் சக்கரம் இடது பக்கம் மாட்டிக்கொண்டு, வண்டி நின்ற இடத்திலேயே கரகம் ஆடுவதுபோல் சுற்றியது. பொன்மணி அதை ஒட்டிக் கடந்தாள். ஒரே ஒரு வளைவு பாக்கி. பிள்ளையைத் தூக்கித் தொட்டிலில் போடுவதுபோல மெல்லத் திருப்பினாள். வண்டி திரும்பியது. நேரானது. நேரான அதே நொடியில் அவள் வண்டியிலும் நெற நெற!

இனி இடமும் திரும்பாது, வலமும் திரும்பாது. அதற்கென்ன? கோடு நேர் எதிரே இருக்கிறது! கட்டைவிரல் வலிக்க வலிக்க அழுத்தினாள். வண்டி பறந்தது. கோட்டைத் தாண்டியது. லட்சுமிகாந்தம் கொடியை வீசினார். சங்கிலிமுத்து மூக்கு ஒழுக அழுதான். ஹரிபிரசாத் ரிமோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினான்.

வண்டி நிற்கவில்லை. கயிற்றுக்கு அடியில் நுழைந்து, காய்ந்த வத்தலைச் செக்கச்செவேலென்று வாரி இறைத்துக்கொண்டு, தார்ப்பாயைத் தாண்டிக் காட்டுக்குள் நேராக ஓடியது. அரைக் கூட்டம் தும்மியது, களத்துக்காரம்மா வைதுகொண்டே துரத்தினாள். பொன்மணியும் ரிமோட்டோடு பின்னால் ஓடினாள், சிரிப்பும் அழுகையுமாய்.

"ஏ பொன்மணி, வெரல எடுடி! அதான் ஜெயிச்சாச்சுல்ல!"

"மூணு வருசமா பாதியில நின்ன வண்டி மாமா" என்றாள், மூச்சு இரைக்க இரைக்க. "ஓடட்டும்!"