ஞானக்கனியம்மாள் வாய் மூடிய கதை

தாராவியில் அந்தச் சிறிய தமிழ்ச் சபையின் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குக் கூட்டம் சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் ஆண்டவர், மீதிக் காரணம் ஞானக்கனியம்மாள். அவள் மைக்கைப் பிடித்தால் முழங்கால் வலிக்காரர்கள்கூட முன்வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

"ஆண்டவரே, நம்ம தங்கபுஷ்பம் மக மாஹிம் ஸ்டேஷன் வாசல்ல ஒரு பையனோட பைக்ல ஏறிப் போனத நீர் பாத்தீர். நானும் பாத்தேன். மஞ்சச் சுடிதாரு, ஆண்டவரே!"

தங்கபுஷ்பம் ஆமென் சொல்லவில்லை. மற்றவர்கள் அவளுக்கும் சேர்த்துச் சொன்னார்கள்.

இதைப் புறணி என்று யாராவது சொல்லியிருந்தால் ஞானக்கனி மனம் நொந்து அழுதிருப்பாள். இளவயதிலேயே புருஷனை இழந்து, இட்லி மாவு அரைத்து விற்று மகன் சுதனை ஆளாக்கியவள் அவள். மாவு வாங்க வருகிற வீடுகளின் கஷ்டமெல்லாம் தன் தலையில் ஏற்றப்பட்ட பாரம் என்றே உண்மையாக நம்பினாள். பாரத்தை எங்காவது இறக்கித்தானே ஆக வேண்டும்? மைக் இருக்கிற இடத்தில் இறக்கினாள்.

கேட்கிற வழக்கம் மட்டும் அவளிடம் கிடையாது. "சுகமா இருக்கியாட்டி?" என்பாள். பதில் வருவதற்குள் எதிராளியின் தலையில் கை வைத்து ஜெபம் தொடங்கிவிடும்.

மருமகள் ஷெரினுக்கும் அப்படித்தான் நடந்தது. ஷெரின் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள், குர்லாவில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தே, எனக்கு ஒரு மாதிரியா..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் தலையில் கை விழுந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை, ஷெரினின் அம்மாவுக்கே இன்னும் தெரியாத சேதி சபைக்கெல்லாம் தெரிந்தது, காரணங்களோடு: "ஆண்டவரே, பைக்ல குதிச்சுக் குதிச்சுப் போறதும், ஓட்டல்ல சைனீஸ் திங்கிறதும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு..."

ஷெரின் எழுந்து வெளியே போனாள். அதன் பிறகு வீட்டில் அவள் பேச்சு "சாப்பாடு வேணாம்", "லேட் ஆகும்" என்பதோடு நின்றுபோனது. ஞானக்கனி அதற்காகவும் ஜெபித்தாள், சத்தமாக.

சபைக் குருவானவர் செல்வின் ஐயரிடம் புகார்கள் குவிந்தன. ஐயர் சாதுவானவர், அதாவது பயந்தவர். ஞானக்கனியிடம் நேரே சொன்னால் அடுத்த வெள்ளி தம் குடும்பமே ஜெபத்தில் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். யோசித்து யோசித்து ஓர் உபாயம் கண்டுபிடித்தார். "ஆண்டவர் மெல்லிய சத்தத்துலதான் பேசுவாரு. இனிமே நாம வாய மூடி அவரு பேசுறதக் கேப்போம்" என்று அறிவித்தார். ஞானக்கனி வழக்கமாக ஜெபிக்கும் நேரம் முழுவதையும் மௌனம் விழுங்கிக்கொண்டது.

முதல் மௌனத்தில் அவள் பட்ட பாட்டை எழுத முடியாது. இருமினாள், பெருமூச்சு விட்டாள். இடையில் ஒரு "ஸ்தோத்திரம்" அவளை மீறித் தப்பி ஓடியது. ஐயர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

முடிந்ததும் அவரை வாசலில் மடக்கினாள். "ஐயா, அவரு ஒண்ணுமே பேசலியே. நெட்வொர்க் இல்லையோ?"

"பழகணும்மா. தங்கபுஷ்பத்தம்மாவப் பாருங்க, எவ்வளவு அமைதியா இருந்தாங்க!"

ஆண்டவரின் அழைப்பு செய்யாததைத் தங்கபுஷ்பத்தின் பெயர் செய்தது. அவளுக்கு முந்தி ஆண்டவர் குரலை நான் கேட்டாகணும் என்று ஞானக்கனி வீட்டிலேயே பயிற்சியைத் தொடங்கினாள். மாவு வியாபாரம் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவாள். சந்துக்குள் தையல் மிஷின் ஓடும், தண்ணீர்க் குழாயில் சண்டை நடக்கும். சண்டை யாருக்கும் யாருக்கும் என்று எட்டிப் பார்க்காமல் இருப்பதே பெரிய தவமாக இருந்தது. ஆண்டவர் வந்தால் முதலில் தன்னைத்தான் பாராட்டுவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, மேலே மரப்பலகை மச்சிலிருந்து ஷெரினின் குரல் கேட்டது. வீடு இவ்வளவு அமைதியாக இருந்தால் மாமியார் வெளியே போயிருக்கிறாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கூட வேலை செய்யும் ஆஸியாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நஹி ஆஸியா, அத்தை கெட்டவங்க இல்ல. ஆனா அவங்க முன்னால அழக்கூட முடியாது. அழுதா அது ஃப்ரைடே நியூஸ் ஆயிடும். அதனால லேப்ல பாத்ரூம்லதான் அழுறேன்... பேர்கூட வச்சிருந்தேன், தெரியுமா? சுதன்கிட்டகூடச் சொல்லல."

ஞானக்கனி கண்ணைத் திறந்து மச்சைப் பார்த்தாள். உடனே, பழக்க தோஷம், கண்ணீரும் உருக்கமுமாக அருமையான ஜெபம் ஒன்று தொண்டை வரை வந்து நின்றது. அவள் வாயைத் திறந்தாள். அந்த ஜெபத்தின் முதல் வரியிலேயே ஷெரினின் பெயர் இருப்பது அவளுக்கே கேட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஏணியில் இறங்கிய ஷெரின் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "எப்ப வந்தீங்க?"

"இங்கனதான் இருக்கேன்."

தலைக்கு வரப்போகும் கைக்காக ஷெரின் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். கை வரவில்லை. ஞானக்கனி கேட்டாள்:

"என்ன பேரு மக்கா வச்சிருந்த?"

ஷெரின் சொன்னாள். ஞானக்கனி ஆமென்கூடச் சொல்லவில்லை. அதனாலோ என்னவோ ஷெரின் மேலே சொன்னாள். ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருந்தது, அன்றைக்கே ரயில் ஏறி நின்றுகொண்டே வந்தது, பிறகு மைக்கில் கேட்டது, எல்லாம். நடுநடுவே இந்தியில் திட்டினாள். ஞானக்கனிக்கு இந்தி நன்றாகவே தெரியும். பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி மௌனம் முடிந்ததும் ஐயர், "ஆண்டவர் யாரோடாவது பேசுனாரா?" என்று கேட்டார். ஞானக்கனி எழுந்தாள். சபை மூச்சைப் பிடித்தது.

"பேசுனாரு. அத வெளிய சொல்லுததுக்கு இல்ல." உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகுதான் சபையின் யோக்கியதை வெளிப்பட்டது. புகார் செய்தவர்களே மாவு வாங்குகிற சாக்கில் வந்து, "என்னக்கா, என்ன சொன்னாரு?" என்று தோண்டினார்கள். தங்கபுஷ்பம் கேட்டேவிட்டாள்: "உம் மருமகளப் பத்தியா?" ஞானக்கனி மாவை அள்ளி ஊற்றினாள், வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் மெலிந்தது. ஒரு நாள் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கலங்கிய ஐயர் அவளிடமே வந்தார்.

"அம்மா, பழையபடி கொஞ்சம் ஜெபம் பண்ணுனா என்ன? ஜனங்க ஆசப்படுறாங்க."

"நீங்க பண்ணுங்க ஐயா" என்றாள் ஞானக்கனி. "நான் கேக்குதேன்."

ஐயர் கண்ணை மூடி ஆரம்பித்தார். நன்றி சொன்னார், நாட்டுத் தலைவர்களுக்காக வேண்டினார், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை.