கொழும்பும் மெட்ராசும் ஒரே கடையில்

என்னை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஒருநாள் ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். பரமட்டா ஸ்டேசன் வாசலில், மாலை வகுப்புக்குப் போவதற்காக நான் காத்துக்கொண்டு நின்றபோது. "சாரி ஆன்ட்டி, ட்ரெயின் லேட்" என்றாள். வழக்கம்போலத்தான் சிரித்தாள், வழக்கம்போலத்தான் என் தோள்பையை வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. சிட்னியில் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட ஆட்களுக்கா குறைச்சல்? கோயிலில் கூப்பிடுகிறார்கள், ஹரிஸ் பார்க் இனிப்புக்கடைப் பெடியன்கூடக் கூப்பிடுகிறான். அந்தக் கூட்டத்தில் இவளும் போய் நின்றுகொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் என் ஒரே மகனின் மனைவி. அதாவது, சில வாரங்களுக்கு முன்பு வரை.

நான் யாழ்ப்பாணம், அவள் சென்னை. கலியாணம் முடிந்த கையோடு "என்னை மாமி எண்டு கூப்பிடு" என்றேன். எங்களூரில் புருசனின் தாய் மாமிதான். அவள் முழித்தாள். "மாமின்னா எனக்கு எங்க மாடி வீட்டு மயிலாப்பூர் மாமிதான் ஞாபகம் வருது. அத்தைன்னு கூப்பிடட்டுமா?" என்றாள். அத்தை என்று கேட்கும்போது சினிமாவில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல எனக்கு இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகினபிறகு அது என் சொந்தப் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தாதி வேலையை விட்டு நான் ஓய்வு பெற்றதும், ஓவியமும் பண்பாடும் படிக்கிற இந்த வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். "வீட்ல உக்காந்துட்டு எங்களையே நோட்டம் விடுவீங்க, அதுக்கு இது பரவால்ல" என்றாள். துணைக்குத் தானும் சேர்ந்தாள். வகுப்பு ஆசிரியை, கரீபியனில் மார்ட்டினிக் தீவின் தலைநகரான ஃபோர்-து-ஃபிரான்சுக்குப் படிப்புப் பயணம் போகப்போகிறோம் என்றபோது இரண்டு பேரும் முதல் ஆட்களாய்ப் பெயர் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் அவளும் மகனும் பிரிந்தார்கள்.

சண்டை பிடித்திருந்தாலாவது நான் நடுவில் புகுந்து நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். இதுகள் இரண்டும் குரல் உயர்த்தாமல், ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல், வக்கீலிடம் ஒன்றாய்ப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தன. மகன் மெல்பேர்ன் போய் ரோவில் பக்கம் வீடு எடுத்துக்கொண்டான். அங்கிருந்து போன் எடுத்தான்.

"அம்மா, நீங்களும் அவளும் ட்ரிப் போறது... இட்ஸ் நொட் நோமல்."

"நீங்கள் ரெண்டு பேரும்தானே கையெழுத்து வைச்சனீங்கள்" என்றேன். "என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, எனக்கும் பயம் இருந்தது. அவளுடைய தாயும் தகப்பனும் சென்னைக்கே திரும்பி வந்துவிடச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ட்ரிப் முடித்துவிட்டு முடிவு சொல்வதாக அவர்களிடம் சொல்லியிருந்தாள். என் மகன் எங்கே போனாலும் என் மகன்தான், நான் பெற்றவன். இவளை நான் பெறவில்லை. போனால் போனதுதான். போகாதே என்று சொல்ல நான் யார்?

மூன்று விமானம் மாறி, கால் இரண்டும் வீங்கிப்போய் அந்த ஊரில் இறங்கினோம். மறுநாள் காலை ஹோட்டல் முற்றத்தில் எல்லோரையும் வட்டமாக இருத்தி, ஒவ்வொருவரும் தன்னைப்பற்றிச் சொல்லவேண்டும் என்றார் ஆசிரியை. இவள் முறை வந்தது. என்னைக் காட்டி, "இவங்க என் ஃபிரண்ட், கிளாஸ்மேட்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்ன கோதாரிக்கு இவ்வளவு தூரம் வந்தேன் என்று இருந்தது. நாள் முழுக்க அவளோடு ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லுக்குமேல் கதைக்கவில்லை. ஆசிரியை எங்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாய் நடந்தார். சுவரெல்லாம் ஓவியம். ஒரு சந்தில் வீட்டின் முழு உயரத்துக்கும் ஒரு கறுப்பின மூதாட்டியின் முகம். பலகணிகளில் இரும்புப் பூவேலை. கடற்கரைப் பூங்காவில், அடிமை முறையின் பக்கம் நின்றதாகச் சொல்லப்படுகிற ஓர் அரசியின் சிலையைச் சனங்கள் கோபத்தில் விழுத்தியிருந்தார்கள், சிலை நின்ற இடம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. பிடித்ததை வரையுங்கள் என்றார் ஆசிரியை. நான் இரும்புப் பூக்களை வரைந்தேன். எட்டிப் பார்த்தால், இவள் அந்த வெறும் இடத்தை வரைந்துகொண்டிருக்கிறாள்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "இவ்வளவு காசு குடுத்து வந்து, இல்லாத ஒண்டைக் கீறிக்கொண்டு இருக்கிறாய்."

"இல்லாதது இல்ல ஆன்ட்டி. இருந்ததை எடுத்துட்ட இடம்" என்றாள், தலை நிமிராமல். நான் என் இரும்புப் பூக்களுக்குத் திரும்பினேன்.

இப்படியே ஊர் திரும்பியிருப்போம். சந்தைதான் காப்பாற்றியது.

இரும்புக் கூரை போட்ட பெரிய சந்தை. ஒரு கடையில் மஞ்சள் தூள் பைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பையிலும் கொட்டை எழுத்தில் கொலம்போ என்று போட்டிருந்தது. சிட்னியில் யாராவது வெள்ளைக்காரர் நீ கொழும்பா என்று கேட்டால், இல்லை, யாழ்ப்பாணம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துகிறவள் நான். அன்றைக்கு, உலகத்தின் அந்தக் கோடியில், கொழும்பு முழுக்க என்னுடையதாகிவிட்டது.

"பாத்தியா, எங்கட ஊர்" என்றேன், கோபத்தை மறந்து. "கப்பல்ல கொழும்பில இருந்து வந்திருக்கு."

அவள் ஒரு பையை எடுத்து மூக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். "மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு. இது கொழும்பு இல்ல. குழம்பு. குழம்புப் பொடி."

"கொழும்பு எண்டு போட்டிருக்கு."

"குழம்புன்னு சொல்லியிருப்பாங்க. இவங்க காதுல அப்படி விழுந்திருக்கு."

"எழுத்துத் தெரியாதோ எனக்கு? கொழும்பு."

"குழம்பு."

ஓடிவந்த ஆசிரியை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் இருவரும் ஒரே சொல்லைத்தானே சொல்கிறீர்கள், ஏன் சண்டை?" என்றார். அந்த மனுசிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறது. பிறகு நடந்ததை விளங்கிக்கொண்டு, இவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அடிமைகளை விடுதலை செய்தபிறகு, கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்றும், தமிழ்ப் பேச்சு அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் தேய்ந்துபோனாலும் அந்தக் குழம்பு ஊர் முழுக்க அடுப்பில் ஏறிவிட்டது என்றும் சொன்னார். எனக்குத் தோற்ற கடுப்பு. ஆனாலும் நானும் ஒரு பையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

அதற்குள் இவள் கடையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டாள். அங்கிருந்து சத்தம் வந்தது.

"அத்தை, இங்க வாங்களேன். அத்தை."

தன்னை மறந்துதான் கூப்பிட்டாள், அது எனக்குத் தெரியும். கால் வீக்கமும் தெரியாமல் போனேன். சிவப்பும் மஞ்சளும் கலந்த கட்டம் போட்ட பருத்தித் துணி. அதன் பெயர் அங்கே மெட்ராஸ். அந்தத் தீவுப் பெண்கள் திருநாளுக்குக் கட்டுகிற துணி அதுதானாம். "எங்க ஊர் லுங்கியைத் தூக்கித் தலையில கட்டிக்கிறாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிரிந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கடைக்காரப் பெண்மணிதான் பிற்பகலில், சந்தையின் மேல்மாடியில், எங்கள் குழுவுக்குத் தலைத்துணி கட்டக் காட்டிக்கொடுத்தார். அதற்கு முன் அங்கேயே கொலம்போ போட்ட கோழிக்கறி சாப்பிட்டோம். உறைப்பில்லை. ஆனால் முதல் வாயிலேயே நான் தோல்வியை ஒப்புக்கொண்டேன். ஓம், குழம்புதான்.

தலைத்துணியில் ஒரு சங்கதி இருக்கிறது. கட்டி முடித்ததும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற முனைகளை எண்ணவேண்டும். ஒரு முனை என்றால் மனசு யாரிடமும் இல்லை. இரண்டு என்றால் யாரிடமோ கொடுத்தாயிற்று, ஆனாலும் முயன்று பார்க்கலாம். மூன்று என்றால் கலியாணமானவள், தள்ளி நில். நாலு என்றால் யார் வந்தாலும் இடமுண்டு. ஆசிரியை பிரெஞ்சிலிருந்து இதைச் சொல்லச் சொல்ல எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். என் புருசன் போய் வெகுகாலம் என்று சொன்னேன். அந்தக் கடைக்கார மனுசி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாலு முனை வைத்துக் கட்டிவிட்டார். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தது இவள். மனசு எப்படி என்று கேட்டார். இவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு விரலைக் காட்டினாள். அவர் கட்டிக்கொண்டே என்னைக் காட்டி, இது உன் தாயா என்று கேட்டார்.

"இல்லை" என்றாள். "மாமியார்."

ஆசிரியை மொழிபெயர்த்ததும் அந்த மனுசி நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டினதை அவிழ்த்து மூன்று முனை வைக்கத் தொடங்கினார். மாமியார் இருந்தால் புருசன் இருக்கவேண்டுமே, அது அவருடைய கணக்கு.

"இல்ல, ஒண்ணுதான்" என்று அவர் கையைப் பிடித்தாள் இவள். "புருஷன் இல்லை. ஆனா இவங்க என் மாமியார்."

அவர் மறுபடி அவிழ்த்தார். கையில் துணியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். ஆசிரியையிடம் ஏதோ சொன்னார். ஆசிரியை எங்களிடம் திரும்பி, "இதற்குத் தங்களிடம் கட்டு இல்லை என்கிறார்" என்றார். பிறகு ஒரு முனையே வைத்துக் கட்டி, இவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன். அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசி நாள் காலை, பஸ் வருவதற்கு முன் கடற்கரைக்கு நடந்தோம். அக்கரைக்குப் போகும் படகுகள் சனத்தை ஏற்றிக்கொண்டிருந்தன. ஒரு பெஞ்சில் இருந்தோம்.

"அம்மா இன்னிக்கு பதில் கேப்பாங்க" என்றாள்.

"தெரியும்."

"போகவா?"

"போகாதை எண்டு சொல்ல எனக்கு வாய் வருது பிள்ளை. உரிமைதான் வரேல்ல."

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரே ஒரு பயம்தான்" என்றாள். "அவர் இன்னொரு கல்யாணம் பண்ணிப்பார். பண்ணிக்கணும், நல்லா இருக்கணும். அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு வருவா. உங்க கிச்சன்ல நிப்பா. அன்னிக்கு நான் வந்தா, வாசல்ல யாருன்னு சொல்லிட்டு உள்ள வருவேன்? அன்னிக்குப் போய் அசிங்கப்படறதுக்கு, இப்பவே ஆன்ட்டின்னு பழகிக்கலாம்னு பாத்தேன். முடியல."

அவள் சொன்னது நடக்கத்தான் போகிறது. மகன் நன்றாக இருக்கவேண்டும் என்று நானும்தான் நேர்ந்துகொள்கிறேன். வருகிறவள் பாவம், அவளையும் நான் விலக்க முடியாது. ஒரு படகு புறப்பட்டுப் போனது.

"மூத்த மருமகள்" என்றேன்.

"என்னது?"

"வாறவள் இளைய மருமகள். நீ மூத்த மருமகள். ஆர் கேட்டாலும் அப்பிடிச் சொல்லு. குசினியில ஆர் நிண்டாலும் முதல் தேத்தண்ணி உனக்குத்தான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு கோணியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "உங்களுக்கு இருக்கறதே ஒரு பையன்" என்றாள்.

"மகன் ஒண்டுதான். மருமகள் எத்தினை பேர் எண்டது என்ர விசயம்."

இரண்டும் சேர்ந்தே வந்தது அவளுக்கு. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, படகுக்குப் போகிற சனம் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள், நடுநடுவே சிரித்தாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். வேறு என்ன செய்ய?

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சென்னைக்குப் போன் எடுத்தாள். தாயும் மகளும் கதைக்கட்டும் என்று நான் எழும்பிக் கொஞ்சம் தள்ளி நின்றேன். காற்று என் பக்கம்தான் அடித்தது.

"நான் வரலம்மா" என்றாள். அந்தப் பக்கம் தாய் ஏதோ நீளமாகக் கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் இவள். "தனியா இல்ல."