சலீம் நானாவின் சட்டைப்பையில் இரண்டு நெருப்புக்குச்சிகள்

இன்று ஓர்ஸ் ஹில் தேவாலய மண்டபத்தில் கண்டதை எழுதி, நம் வாசிகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன்.

தேவாலயத்தில் ஓகன் வாத்தியம் வாசிக்கும் பேர்னாட்டின் தங்கச்சிக்குக் கல்யாணம். வெளிநாட்டுக் கப்பற்காரர் ஒருவர் விட்டுப்போன ஸ்பீக்கரை அதற்காகவே கொண்டுவந்திருந்தார். அலுமாரி அளவு மரப்பெட்டி. உள்ளே குழல் சுழலும், பாட்டும் கூடவே சுழலும்.

பிளக் நம் சுவருக்குப் பொருந்தவில்லை. பேர்னாட் வெறும் வயர்களைத் துளைகளில் விட்டு, நெருப்புக்குச்சிகளால் இறுக்கப் போனார். நாம் எல்லோரும் செய்வதுதான்.

ரேடியோ திருத்தும் சலீம் நானா குச்சிகளைப் பறித்துத் தன் சட்டைப்பையில் போட்டார்.

"நானா, கல்யாணப் பொம்பிளை வரப்போகுது!" என்றார் பேர்னாட்.

"வரட்டும் தம்பி. பொம்பிளை காத்து நிப்பா, கரண்ட் நிக்காது."

பெட்டியைத் திறந்தார். பழைய வயரின் ரப்பர் உதிர்ந்து, செம்பு இரும்புச் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. தொட்டவரை அது விட்டிராது.

நானா வயர்களை மாற்றி, நம் சுவருக்குப் பொருந்தும் பிளக் போட்டார். அந்தப் பெட்டிக்கு ஏற்றபடி நம் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்போமரைப் பூட்டினார். ஈரமண்ணில் இரும்புக் குழாய் அடித்து, சட்டத்திலிருந்து அதற்கு எர்த் வயர் இழுத்தார். பொம்பிளை வந்து காத்துத்தான் நின்றா.

சுவிச்சைப் போட்டதும், டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டத்தை முதலில் தொட்டவர் நானாதான். பாட்டு மண்டபத்தைச் சுற்றி வந்தது. பொம்பிளை அண்ணாந்து முகட்டில் அதைத் தேடினா.

வெளியே நானா சட்டைப்பைக் குச்சிகளில் ஒன்றை உரசிப் பீடி பற்றவைத்தார்.

"குச்சிக்கு வேலை இதுதான், ஐயா" என்றார் என்னிடம்.

வீட்டுக்கு வந்து என் ரேடியோ வயரை இறுக்கியிருந்த குச்சிகளைக் கழற்றிவிட்டேன். அதனால் இன்று ரேடியோச் செய்தி இல்லை.

உங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை குச்சி? கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள். இப்போதைக்குச் செய்திக்குப் பதில் அதைத்தான் வாசிப்பேன்.