துரைக்குப் போகும் தாள்

"ரொம்பச் சரியா இருக்குங்க மிஸ்" என்று கங்காணியம்மா சிரித்துக்கொண்டே சொன்ன அந்தக் காலையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில், குழந்தைகளுக்கென்று செய்த குட்டி நாற்காலிகளில், முழங்கால் நெஞ்சில் இடிக்க நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பதுளை நகரில் அச்சடித்து நான் கொண்டுபோயிருந்த அவருடைய நடத்தைப் பாங்கு மதிப்பீட்டின் முடிவு அவர் மடியில் இருந்தது. அமைதியானவர், சொன்னதைச் செய்பவர், மோதலைத் தவிர்ப்பவர் என்றது அது.

தன்னைத் தானே அறிந்துகொள்ள மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். நான்கு நான்காகச் சொற்களைக் கொடுத்து, எது உங்களுக்கு அதிகம் பொருந்தும், எது பொருந்தவே பொருந்தாது என்று கேட்பேன். முந்திக்கொண்டு முடிவெடுப்பவரா, கலகலவென்று பழகுபவரா, அனுசரித்துப் போகிறவரா, ஆராய்ந்து பார்த்தே காலை வைப்பவரா என்று விடைகளிலிருந்து தெரிந்துவிடும். அது வெறும் கண்ணாடி, பரீட்சை இல்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன்.

அந்தத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, ஆட்களை வேலை வாங்கும் தன் ஐந்து கங்காணிமாருக்கும் பயிற்சி தர என்னை அழைத்திருந்தார். ஐவரில் ஒருவரை மேற்பார்வையாளராக உயர்த்த நினைத்தார். அவர்களில் பெண் கங்காணியம்மா ஒருவர்தான். "எனக்கு அந்த வேலை வேணுங்க மிஸ். கொழுந்து எடுக்கிறது நாங்க, எங்கள நடத்துறது மட்டும் எந்நாளும் ஆம்பளைங்களா?" என்று முதல் நாளே கேட்டவர். அதைக் கேட்ட பிறகும் நான் தாளைத்தான் நம்பினேன். தாளைக் கொடுக்கும்போது, இது உங்களுக்கும் எனக்கும் இடையில் மட்டும்தான் என்று ஐவரிடமும் சொன்னேன். முடிவுகளைத் தனக்கும் காட்டும்படி துரை கேட்டபோதும் தலையாட்டியிருந்தேன். இரண்டும் இடிக்கிறதே என்று எனக்கு உறைக்கவேயில்லை. 'நல்லவர், ஆனால் மேற்பார்வைக்கு இன்னும் துணிச்சல் வேண்டும்' என்று இவரைப் பற்றி எழுதிய குறிப்பு அப்போதே என் பையில் இருந்தது.

பேசி முடித்து இருவரும் மலைக்கு நடந்தோம். அவருக்குக் கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடைகளோடு பாதையிலேயே நின்றிருந்தார்கள். செடிகளுக்குள் குளவிக்கூட்டைப் பார்த்ததாக ஒருத்தி சொல்லியிருக்கிறாள். நேரம் போகிறது, இறங்குங்கள் என்று, கங்காணிகளுக்கு மேலே உள்ள கணக்கப்பிள்ளை கத்திக்கொண்டிருந்தார். குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கங்காணியம்மா நேரே போய்க் கணக்கப்பிள்ளை முன்னால் நின்றார். "ஐயா, ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க. கூட்ட எடுக்காம ஒரு புள்ளையக்கூட நான் எறக்க மாட்டேன்." குரல் உயரவில்லை. கணக்கப்பிள்ளை முணுமுணுத்தபடி ஆள் கூப்பிடப் போனார். கூடு இருந்தது உண்மைதான்.

"அப்புறம் ஏன் தாள்ல அப்படிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"அது தொரைக்குப் போற தாள் தானுங்களே."

"போகாதுன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. சொல்லும்போது எங்க மூஞ்சியப் பாக்கலையேங்க."

அவர் குத்திக் காட்டவில்லை, மழை வரும்போல் இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். நானும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள்தான். ஆபீசிலிருந்து எந்தத் தாள் வந்தாலும், என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னால், இது எங்கே போகும் என்றுதான் என் அப்பா கேட்பார். படித்துப் பட்டணத்துக்குப் போனதில் அது எனக்கு மறந்துபோயிருந்தது. கங்காணியம்மாவை அளக்கப் போன என்னை அவர் ஒரு பார்வையில் அளந்து வைத்திருந்தார்.

என் தவறைத் திருத்தும் ஆவேசத்தோடு அன்றே துரையின் ஆபீசுக்குப் போனேன். தாளில் உள்ளதை நம்பாதீர்கள், கங்காணியம்மா சரியென்று பட்டால் யாரையும் எதிர்த்து நிற்பவர் என்று சொல்லி, காலையில் மலையில் கண்டதை ஒன்றுவிடாமல் விவரித்தேன். துரை பொறுமையாகக் கேட்டார், நன்றி சொன்னார், தேநீரும் கொடுத்தார். அடுத்த மாதம் மேற்பார்வையாளர் வேலை ஐவரில் இன்னொருவருக்குப் போயிற்று. கணக்கப்பிள்ளை வாயே திறக்கவில்லை என்றும், துரைக்கு விஷயம் என் மூலம்தான் தெரியும் என்றும் பிறகு அறிந்தேன்.

இப்போதும் அதே மதிப்பீட்டைத்தான் பயன்படுத்துகிறேன். தாளை யாரெல்லாம் பார்ப்பார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் ஒருவர் தன்னைச் சாதுவாகக் காட்டிக்கொண்டால், தன்னை அறியாதவர் என்று அவசரப்பட்டு முடிவுகட்டுவதில்லை. தன்னையும், தன்னைச் சுற்றியிருப்பவர்களையும் நன்றாக அறிந்தே அவர் எழுதியிருக்கலாம்.

அப்போது, கங்காணியம்மாவுக்கு வேலை கிடைக்காத செய்தி கேட்டு, மன்னிப்புக் கேட்கப் பதுளையிலிருந்து பஸ் ஏறினேன். கங்காணியம்மா, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து பெண்களோடு வந்துகொண்டிருந்தார். அவருடைய துணிச்சல் துரைக்குப் பிடிக்கும் என்று நம்பித்தான் சொன்னேன் என்றேன்.

"பிடிக்காதுன்னு எனக்குத் தெரியுங்க மிஸ். அதனாலதான் சொன்னதச் செய்வேன்னு போட்டேன்."